உட்கார்ந்து பிரிப்போம்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)

பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு
முதல் வாசகம்: 1 அர 3:5, 7-12
இரண்டாம் வாசகம்: உரோ 8:28-30
நற்செய்தி: மத் 13:44-52



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு விண்ணரசைப் பற்றி மூன்று உவமைகள் சொல்கிறார். நிலத்தில் மறைந்திருந்த புதையல், விலை உயர்ந்த முத்து, எல்லா வகை மீன்களையும் வாரிக்கொண்டு வந்த வலை. இந்த மூன்றையும் சொல்லி முடித்த பிறகு இன்னொரு சிறிய காட்சியையும் நம்முன் வைக்கிறார். ஒரு வீட்டுக்காரர் தம் சேமிப்பு அறையைத் திறக்கிறார். அதிலிருந்து புதியதையும் எடுக்கிறார், பழையதையும் எடுக்கிறார்.

வழக்கமாக நாம் புதையலையும் முத்தையும் பற்றியே பேசுவோம். இன்று அந்த வலையைப் பற்றியும், அந்த வீட்டுக்காரரைப் பற்றியும் சிந்திப்போம். ஏனென்றால், நம் வீடுகளில் இப்போது நடந்துகொண்டிருப்பது அதுதான்.

நம் பகுதியை நாம் அறிவோம். ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். அவற்றை நம்பித் தூத்துக்குடியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், ஏன், ஒடிசாவிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள். 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான தங்கும் விடுதி திறக்கப்பட்டபோது, அதில் 18,720 பேர் தங்கலாம் என்றார்கள். அங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு கட்டில், துணி வைக்க ஓர் இடம். வெளியே வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கும் ஒன்றிரண்டு அறைதான். பிள்ளை வளர்ந்தால் படிக்க மேசை வேண்டும். மேசை போட இடம் வேண்டும். அப்போது வீட்டில் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும். எது போகலாம், எது இருக்க வேண்டும்? வலையில் வந்த மீனைப் பிரிக்கிற வேலை அங்கே தொடங்கிவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன், அன்பிய உறுப்பினர்களோடு நாங்கள் இல்லச் சந்திப்புக்குச் சென்றபோது ஒரு வீட்டில் கேட்ட நிகழ்ச்சியை, அவர்களுடைய அனுமதியோடு, உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து வந்த குடும்பம் அது. மகனுக்கு ஒரு கம்பெனியில் வேலை, மருமகளுக்கு இன்னொரு கம்பெனியில். பேரன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். கணவரை இழந்த தாயார் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு இவர்களோடு வந்து தங்கியிருக்கிறார். வரும்போது ஒரு தகரப் பெட்டியைக் கூடவே கொண்டுவந்தார். பெட்டி நிறைய அறுபதுக்கும் மேற்பட்ட கேசட்டுகள். கட்டிலுக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டி, பேரனுக்கு மேசை போடும் நாளில் நடு வீட்டுக்கு வந்தது.

மகன் சொன்னார்: “அம்மா, இதைப் போடுற டேப் ரிக்கார்டரே நம்மகிட்ட இல்ல. இதுல உள்ள பாட்டு எல்லாம் இப்ப போன்லயே கிடைக்கும்.”

தாயார் கேட்டார்: “எல்லாமுமா எய்யா?”

“எல்லாமும்தான். நீ ஒண்ணு சொல்லு பார்ப்போம்.”

அவர் முதலில் சொன்னது ‘ஞானசவுந்தரி’ படத்துத் தேவமாதா பாட்டு. 1948இல் வந்த படம் அது. பாட்டைத் தொடங்கும்போது கதாநாயகி சிறுமி. பாட்டு முடிவதற்குள் வளர்ந்த பெண்ணாகிவிடுவாள். சிறுமிக்காக ஜிக்கியும் பெரியவளுக்காகப் பி. ஏ. பெரியநாயகியும் பாடினார்கள். அந்தத் தாயாருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா. மகன் போனில் பெயரைச் சொன்னார். சில நொடிகளில் பாட்டு வந்தது. அடுத்து, 1971இல் வந்த ‘அன்னை வேளாங்கண்ணி’ படப் பாட்டு. அதுவும் வந்தது. பிறகு ‘அன்னக்கிளி’. கல்யாணமான புதிதில் ஊர் டீக்கடையில் ஓயாமல் கேட்ட பாட்டு என்றார். அதுவும் வந்தது. பேரன் பாட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் டி.வி. போடவில்லை.

சகோதர சகோதரிகளே, இதற்காக நாம் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். ‘இந்தப் போன் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது’ என்று புலம்புவது எளிது. ஆனால் பாட்டு நம் வீட்டுக்கு வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். ஒரு காலத்தில் இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் ஓடும். ஊரில் ஒரு பெரிய வீட்டில் மட்டும் கிராமபோன் இருக்கும். பிறகு 1963ஆம் ஆண்டு. அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிலிப்ஸ் நிறுவனம் ஐரோப்பாவில் கேசட்டை அறிமுகம் செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டது. மக்களின் தாய்மொழிக்குத் திருவழிபாட்டில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும் உரிய இசை மரபை மதித்து, அதற்குத் தகுந்த இடம் கொடுக்க வேண்டும் என்றும் சங்கம் சொன்னது.

இந்த இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் நம் ஊர்களில் இரண்டும் சந்தித்தன. தமிழில் திருப்பலிப் பாடல்கள் பெருகின. அவற்றைக் கேசட் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. திருத்தலத்துக்குப் போனால் மெழுகுதிரியோடு ஒரு கேசட்டும் வாங்கி வருவோம். டவுனில் ரெக்கார்டிங் கடை இருக்கும். பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்தால், ஒரு வாரத்தில் பதிவுசெய்து கொடுப்பார்கள். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். கேசட்டுக்குப் பிறகு சிடி, அதற்குப் பிறகு கைபேசி. 2006 முதல் 2014 வரை நம் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசிகள் உற்பத்தியாயின. நம் பங்குப் பிள்ளைகளில் சிலர்கூட அங்கே வேலை செய்திருப்பார்கள். பாட்டு கேட்கும் பெட்டியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்த வேலையில் நம் பகுதிக் கைகளும் சேர்ந்திருந்தன. இப்போது அந்தச் சட்டைப்பையிலும் பாட்டு இல்லை. எங்கோ ஓர் இடத்தில் சேமித்திருப்பதை, கேட்கிற நேரத்தில் வரவழைத்துக் கேட்கிறோம்.

ஆகவே கேசட் பெட்டி வெளியே போவது தவறு இல்லை. சேர்த்து வைப்பது மட்டுமே பக்தி ஆகிவிடாது. பூச்சியும் துருவும் அழிக்கிற இடத்தில் செல்வத்தைக் குவிக்க வேண்டாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத் 6:19). மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த கேசட் நாடாவைப் பார்த்தவர்களுக்கு அந்த வசனம் நன்றாகப் புரியும்.

ஆனால் அந்த வீட்டு நிகழ்ச்சி அன்றிரவோடு முடியவில்லை.

மறுநாள் காலை தாயார் திருப்பலிக்குப் போயிருந்தார். மருமகளுக்கு இரண்டாவது ஷிப்ட். கிளம்புவதற்குள் மேசைக்கு இடம் ஒழிக்க வேண்டும் என்ற அவசரம். கேசட்டுகளை ஒரு சாக்கில் கொட்டி, தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். பிளாஸ்டிக்குக்கு அவர் கொடுத்தது சில ரூபாய்.

தாயார் வந்து பெட்டியைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பச்சை அட்டைக் கேசட்டை எடுத்து வச்சியாம்மா?”

“எது அத்தை?”

“உங்க மாமா பாடினது.”

அவருடைய கணவர் ஊர்க் கோவிலில் உபதேசியார். பாடகர் குழுவுக்கும் அவரே பொறுப்பு. ஒரு வருடம் திருவிழா நவநாளுக்கு முன் பாடகர் குழுவின் பயிற்சியை யாரோ டேப்பில் பதிவுசெய்தார்கள். அவர் குரல் இருந்தது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். மேலே பெயர்கூட எழுதவில்லை. முந்தின இரவு அந்தத் தாயார் ‘எல்லாமுமா?’ என்று கேட்டது அதை மனத்தில் வைத்துத்தான். மகன் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார். கேள்வி எதைப் பற்றியது என்று கேட்கவில்லை.

தாயார் திட்டவில்லை, அழவும் இல்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான். மருமகளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கணவருக்குப் போன் செய்து பயன் இல்லை. வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகனையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு காயலாங்கடையாக விசாரித்துப் போனார். மூன்றாவது கடையில் அந்தச் சாமான்காரரே இருந்தார். அதற்குள் இருட்டிவிட்டது. கடைக்குள் மலை போலச் சாக்குகள்.

“இதுக்கு எடைக்குக்கூட ஒண்ணும் வராதும்மா, இதைப் போய் தேடுறீங்களே” என்றார் கடைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் சாக்கு சாக்காகப் பிரித்தார்கள். விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, காணாமற்போன ஒரு வெள்ளிக்காசைத் தேடிய பெண்ணைப் பற்றி லூக்கா 15இல் நாம் வாசிக்கிறோம். அந்தப் பெண்ணை அன்று அந்தக் கடையில் பார்த்திருக்கலாம்.

பச்சை அட்டை கிழிந்துபோயிருந்தது. கேசட்டின் ஓடு விரிசல் விட்டிருந்தது. ஆனால் கிடைத்துவிட்டது.

அன்பியத்தில் மைக் செட் போடுகிற சகோதரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய டேப் டெக் இருந்தது. அறுபது நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 86 மீட்டர் நீளத்துக்கு நாடா இருக்கும். தலைமுடியைவிட மெல்லியது. அதை விரிசல் விட்ட ஓட்டிலிருந்து எடுத்து, நல்ல ஓட்டுக்கு மாற்றி, பூஞ்சையைத் துடைத்து, ஓடவிட்டுக் கணினியில் பதிவுசெய்தார். பெரும்பகுதி வெறும் இரைச்சல். பதினொரு நிமிடம் மட்டும் தெளிவாக வந்தது.

அந்தப் பதினொரு நிமிடத்தை அந்த வீட்டில் நாங்களும் கேட்டோம். முதலில் ஓர் இருமல். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை. பிறகு ஓர் ஆண்குரல், “லேய், கதவைச் சாத்துங்கல, காத்து இரையுது” என்கிறது. அதன் பிறகுதான் பாட்டு. தாத்தாவைப் பார்த்தே இராத பேரன், “அப்பா பேசுற மாதிரியே இருக்கு” என்றான். தாயார் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார். ஓரிடத்தில் பதிவு விட்டுப்போகிறது. அவர் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டே போனார். பதிவு திரும்ப வந்தபோது இருவரும் ஒரே வரியில் இருந்தார்கள்.

அன்பார்ந்தவர்களே, இப்போது நற்செய்திக்கு வருவோம். வலை உவமையில் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு சொல் உண்டு. வலை நிறைந்ததும் மீனவர்கள் அதைக் கரைக்கு இழுக்கிறார்கள். பிறகு உட்காருகிறார்கள். உட்கார்ந்துதான் நல்லதைக் கூடையில் சேர்க்கிறார்கள், ஆகாததை வெளியே எறிகிறார்கள். நின்றுகொண்டு பிரிக்கவில்லை. கடற்கரையில் வளர்ந்த அந்தத் தாயாருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. நின்ற வாக்கில் அள்ளி எறிந்தால் நல்ல மீனும் சேர்ந்து போய்விடும் என்று அவருக்குத் தெரியும். உவமை இறுதித் தீர்ப்பைப் பற்றியதுதான். ஆனாலும், பிரிப்பது என்பது பொறுமையோடு செய்ய வேண்டிய காரியம் என்பதை அந்த மீனவர்கள் நமக்குக் காட்டுகிறார்கள்.

முதல் வாசகத்தில் சாலமோன் என்ன கேட்கிறார்? நீண்ட ஆயுளை அல்ல, செல்வத்தை அல்ல. நன்மை எது, தீமை எது என்று பிரித்து அறியும் ஞானத்தை. எபிரேய மூலத்தில் அதற்கு இருக்கும் சொற்களுக்குக் ‘கேட்கும் இதயம்’ என்பது பொருள். பிரிக்கத் தெரிய வேண்டுமானால், முதலில் கேட்கத் தெரிய வேண்டும். ‘எல்லாமுமா?’ என்று ஒரு தாய் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குள் இருப்பதைக் கேட்கும் இதயம் வேண்டும்.

அந்த மகன் சொன்னது பொய் அல்ல. கடையில் விற்ற பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று போனில் கிடைக்கின்றன. ஆனால் விற்பனைக்கே வராத பாட்டுகள் அங்கே இல்லை. நம் ஊர்ப் பாடகர் குழு பாடியது, பாட்டி தாலாட்டியது, அப்பா ஜெபமாலைக்குப் பிறகு தனக்குத் தெரிந்த மெட்டில் இழுத்துப் பாடியது, இவற்றை எந்த நிறுவனமும் நமக்காகச் சேமித்து வைக்காது. அவற்றைக் காக்கும் பொறுப்பை ஆண்டவர் அந்தந்த வீட்டாரிடமே கொடுத்திருக்கிறார். நம் வீட்டில் இடத்தை அடைக்கிற நூறு பொருட்களில் தொண்ணூற்றொன்பதைத் தாராளமாக விட்டுவிடலாம். நூறாவது எது என்று சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் வீட்டின் முதியவராகத்தான் இருப்பார். அவரைக் கேட்காமல் வீட்டை ஒழிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு மீன் பிரிப்பது போல.

அந்தத் தாயாரைக் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற கேசட்டுகளையும் திரும்பக் கொண்டு வரலாமா என்று மருமகள் கடையிலிருந்தே கேட்டபோது, “அது போகட்டும்மா, இது ஒண்ணு போதும்” என்றாராம். முத்து வணிகர் செய்ததும் இதுதானே! ஒரு முத்துக்காக மற்ற எல்லாவற்றையும் அவர் விட்டுவிடுகிறார். எது முத்து என்று தெரிந்தவருக்கு விடுவது கடினமாக இல்லை. எது முத்து என்று தெரியாதவர்தான் எல்லாவற்றையும் கட்டிவைக்கிறார், அல்லது எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்.

இன்று ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய, தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோருக்கான உலக நாள். ஆண்டவர் இயேசுவின் பாட்டனார் பாட்டியான புனிதர்கள் சுவக்கீன், அன்னா ஆகியோரின் திருநாளை ஒட்டி இதைக் கொண்டாடுகிறோம். நாசரேத்தில் மரியா பாடிய திருப்பாடல்களை அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் பாட்டை எங்கே கற்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். தலை நரைத்தபோதும் அடுத்த தலைமுறைக்கு உம் வல்லமையைச் சொல்லும்வரை என்னைக் கைவிடாதேயும் என்று திருப்பாடல் 71இன் ஆசிரியர் கெஞ்சுகிறார். நம் வீட்டு முதியவர்களின் மன்றாட்டும் அதுவே. அவர்கள் நம்மிடம் அதிக இடம் கேட்கவில்லை. சொல்லிமுடிக்க நேரம் கேட்கிறார்கள்.

எனவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, வீட்டில் பழையதை ஒழிக்கும்போது முதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வோம். ஊரில் இருந்தால் வீடியோ காலில் காட்டிக் கேட்போம். பெயர் எழுதாத கேசட், சிடி, பழைய போன் எதையும் கேட்டுப் பார்க்காமல் கொடுத்துவிட வேண்டாம். ஆகாது என்று முடிவான நாடாக்களைப் போகி அன்று தீயில் போடவும் வேண்டாம். அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கேடு.

இரண்டாவது, முதியவர்களுக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் போனில் தேடிப் போட்டுக் கொடுப்போம். ஆனால் காதில் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் கேட்க வேண்டாம். எல்லோரும் கேட்கப் போடுவோம். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் போனை நிறுத்துவோம். ‘இதை எப்போ கேட்டீங்க பாட்டி? யார் கூட இருந்தாங்க?’ என்று கேட்போம். பாட்டைத் தேடித் தருவது போனின் வேலை. கதையைக் கேட்பது நம் வேலை.

மூன்றாவது, அவர்களிடமிருந்து ஒரே ஒரு பாட்டை வாயால் கற்றுக்கொள்வோம். விடுதிகளில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சிறப்பாகச் சொல்கிறோம். உங்கள் பெட்டியில் இடம் இல்லை, உண்மைதான். பாட்டுக்கு இடம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது, உங்கள் ஊர்த் திருவிழாப் பாட்டு ஒன்றைப் பாட்டியிடம் கேட்டுப் பழகுங்கள். திருப்பலிக்கு வரும்போது நம் பாடகர் குழுவுக்கும் சொல்லிக்கொடுங்கள். பல ஊர்களிலிருந்து வந்து ஒரே பங்காகியிருக்கும் நாம், ஒவ்வோர் ஊர்ப் பாட்டாகக் கற்றுக்கொண்டால், பழையதும் புதியதும் நிறைந்த அந்த வீட்டுக்காரரின் சேமிப்பு அறையாக நம் கோவில் இருக்கும்.

அந்த வீட்டில் இப்போது மேசை போட்டாயிற்று. தகரப் பெட்டி இல்லை. பதினொரு நிமிடப் பதிவு நான்கு பேருடைய போனிலும் இருக்கிறது. அந்தப் பேரன் சென்ற மாதம் நம் பாடகர் குழுவில் சேர்ந்தான். தொடங்குவதற்கு முன் ஒரு முறை இருமுகிறான். அவன் பாட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

செபிப்போமாக. எங்கள் விண்ணகத் தந்தையே, சாலமோனுக்கு நீர் அருளிய கேட்கும் இதயத்தை எங்களுக்கும் தாரும். எங்கள் வீடுகளை ஒழுங்குபடுத்தும்போது அவசரத்திலிருந்து எங்களைக் காத்தருளும். விட வேண்டியதை மகிழ்ச்சியோடு விடவும், காக்க வேண்டியதை அன்போடு காக்கவும் துணை செய்யும். எங்கள் முதியவர்களின் குரல் எங்களோடு இருக்கும்போதே அதைக் கேட்க எங்களுக்கு நேரம் தாரும். எங்களுக்கு முன் பாடிச் சென்றவர்கள் உமது திருமுன் என்றென்றும் பாடி மகிழ்வார்களாக. எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.